ஸ்பானிஷ் கண்டிஷனலை நம் 'வேன்', 'வார்' வைத்துப் பிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் சாயங்கால வேளையில் ஸ்பானிஷ் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் பெரிய வீடுகளைச் சுற்றிக் காட்டும் பையன்கள். அப்புறம் அப்படிப்பட்ட வீடுகளை ஹோட்டலாக்கி நடத்தும் இடங்களில் வேலை பார்ப்பவர்கள், இரண்டு மூன்று கல்லூரிப் பிள்ளைகள், மகன் கொலம்பியாக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டதால் சம்பந்தியம்மாவோடு போனில் பேச ஆசைப்படும் ஓர் ஆச்சி. கண்டிஷனல் பாடம் தொடங்கியதும் எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், நானும் ஒவ்வொரு தடவையும் தொண்டைத் தண்ணீர் வற்றப் பதில் சொல்கிறேன். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். ஒழுங்காக மாறும் வினைகளுக்கு மட்டும்தான் இது, முரண்டு பிடிப்பவற்றை ஓரமாகத் தொட்டுவிட்டுப் போகிறேன்.

ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். சொல்லின் நடுவில் ஒற்றையாக வரும் ப, த, க மூன்றையும் நாம் 'அபாயம்', 'அது', 'அகம்' என்று மெலிதாகச் சொல்வதுபோலவே சொல்லுங்கள், இரட்டித்திருந்தால் அழுத்தி. 'அப்லார்' என்பதில் மட்டும் ப், 'தம்பி'யில் வருவது. நெடில் எங்கே இருக்கிறதோ அங்கேதான் குரல் ஏற வேண்டும்.

கண்டிஷனல் என்றால் என்ன, நமக்கு அது எதற்கு?

'நானாக இருந்தால் சாயங்காலம் போவேன்', 'ஒரு காபி கிடைத்தால் நன்றாயிருக்கும்', 'ஆறு மணிக்கு வருவேன் என்று சொன்னார்', 'அப்போது மணி பத்து இருக்கும்'. இந்த நாலு வாக்கியத்தையும் பாருங்கள். நாலிலும் தமிழ் எதிர்கால வினையைத்தான் போட்டிருக்கிறது, ஆனால் நாலில் ஒன்றுகூட 'நாளைக்குக் கட்டாயம் நடக்கும்' என்று அடித்துச் சொல்லவில்லை. ஸ்பானிஷ் இவற்றை எதிர்காலத்திலிருந்து பிரித்துத் தனி வடிவமாக வைத்திருக்கிறது, அதுதான் கண்டிஷனல். வடிவத்தை மனப்பாடம் செய்வது ஒரு மாலை வேலை. நம் 'வேன்' எந்த இடத்தில் எதிர்காலம், எந்த இடத்தில் கண்டிஷனல், எந்த இடத்தில் இரண்டும் இல்லை என்று பிரிக்கப் பழகுவதற்குத்தான் நாள் பிடிக்கும்.

சரி, வடிவத்தை எப்படி அமைப்பது?

அகராதியில் இருக்கும் முழு வினையை அப்படியே எடுங்கள், வெட்டாதீர்கள். நிகழ்காலப் பாடத்தில் ஆர், ஏர், ஈர் என்ற வாலை நறுக்கிவிட்டு விகுதியை ஒட்டிப் பழகிய கை இங்கேயும் நறுக்கத்தான் போகும், அதை நிறுத்த வேண்டும். எல்லா வினையும் ர்-இல் முடிகிறது, விகுதி ஈ-யில் தொடங்குகிறது, மெய்யின் மேல் உயிர் ஏறிக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த அதே புணர்ச்சிதான். அப்லார் (பேச) + ஈய = அப்லரீய.

யோ அப்லரீய (நான்)
தூ அப்லரீயஸ் (நீ)
ஏல், எய்ய, உஸ்தேத் அப்லரீய (அவன், அவள், மரியாதையான 'நீங்கள்')
நொஸோத்ரொஸ் அப்லரீயமொஸ் (நாம், நாங்கள் இரண்டும்)
பொஸோத்ரொஸ் அப்லரீயைஸ் (ஸ்பெயினில், பழகியவர்களிடம் 'நீங்கள் எல்லாரும்')
எய்யொஸ், உஸ்தேதெஸ் அப்லரீயன் (அவர்கள், 'நீங்கள் எல்லாரும்')

கொமேர் (சாப்பிட) என்றால் கொமெரீய, கொமெரீயஸ், கொமெரீயமொஸ். பிபீர் (குடியிருக்க) என்றால் பிபிரீய, பிபிரீயஸ், பிபிரீயமொஸ். மூன்று குடும்பத்துக்கும் ஒரே விகுதிதான், நிகழ்காலத்தில் மூன்று அட்டவணை வைத்துக்கொண்டு பட்ட பாடு இங்கே இல்லை.

யோ, தூ எல்லாம் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். 'பேசுவேன்' என்றாலே யார் என்று தமிழில் தெரிவதுபோல அங்கேயும் விகுதியே சொல்லிவிடும். ஒரே ஓர் இடத்தில்தான் கவனம்: நான், அவன், அவள், உஸ்தேத் எல்லாவற்றுக்கும் அப்லரீய என்ற ஒரே வடிவம். பேச்சின் போக்கில் குழப்பம் வருமென்று தோன்றினால் யோ போட்டுக்கொள்ளுங்கள்.

'பொஸோத்ரொஸ்' படிக்கத்தான் வேண்டுமா?

ஸ்பெயின்காரர் பேசினால் புரிய வேண்டும், அவ்வளவுதான். லத்தீன் அமெரிக்கா முழுக்க உஸ்தேதெஸ்தான்.

ஸ்பானிஷில் எழுதும்போது ஈ-யின் (í) மேல் சாய்கோடு போடாவிட்டால் என்ன?

இது கல்லூரிப் பிள்ளைகளின் கேள்வி. போனில் தட்டும்போது சோம்பல். ஆறு வடிவத்திலும் அந்தக் கோடு உண்டு, ஒன்றில்கூட விடக்கூடாது. கோடு இல்லையென்றால் அழுத்தம் வேறு அசைக்குப் போய்விடும், சில இடங்களில் சொல்லே மாறிவிடும். ஸெரீய என்றால் 'இருக்கும்', அதே எழுத்துகள் கோடு இல்லாமல் ஸேரிய, அதாவது சிரிக்காத, கடுகடுத்த பெண். விருந்தினரான ஓர் அம்மாவுக்கு 'நன்றாயிருக்கும்' என்று அனுப்ப நினைத்து இந்தக் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஒயீர் (கேட்க) போன்ற சில வினைகளுக்கு அகராதி வடிவத்திலேயே கோடு உண்டு. ஒய்ரீய ஆகும்போது அந்தப் பழைய கோடு போய்விடும், புதிய ஈ-யில்தான் நிற்கும்.

கொமீய, கொமெரீய இரண்டும் ஒன்றா?

இல்லவே இல்லை. இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வருகிறது, வருவதற்குக் காரணமும் இருக்கிறது. ஏர், ஈர் வினைகளின் பழைய வழக்கத்தைச் சொல்லும் இறந்தகாலத்துக்கும் இதே ஈய, ஈயஸ், ஈயமொஸ் விகுதிகள்தான். ஆனால் அங்கே வாலை வெட்டிவிட்டு ஒட்ட வேண்டும், இங்கே வெட்டாமல். கொமீய என்றால் 'அந்தக் காலத்தில் சாப்பிட்டு வந்தேன்', கொமெரீய என்றால் '(கிடைத்தால்) சாப்பிடுவேன்'. நடுவில் ஒரு ர கேட்கிறதா என்று மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஆர் வினைகளில் இந்தத் தொல்லை கிடையாது, அப்லாப வேறு, அப்லரீய வேறு.

நிகழ்காலத்தில் நடுவில் உடையும் வினைகள் இங்கேயும் உடையுமா?

உடையாது. தொர்மீர் (தூங்க) நிகழ்காலத்தில் துவேர்மொ ஆகும், பெதீர் (கேட்டு வாங்க) பீதொ ஆகும், அதைப் பார்த்துப் பயந்தவர்கள் இங்கே நிம்மதியாக இருக்கலாம்: தொர்மிரீய, பெதிரீய. முழு வினையை எடுக்கிறோம் என்பதால் உள்ளே எதுவும் அசைவதில்லை. நிகழ்காலத்தில் அடங்காப் பிடாரியாக இருக்கும் ஸேர் (இருக்க), ஈர் (போக), எஸ்தார், தார் எல்லாமே இங்கே சாதுவாகிவிடும்: ஸெரீய, இரீய, எஸ்தரீய, தரீய.

முரண்டு பிடிப்பவை பன்னிரண்டுதான்: தெஸீர், அஸேர், பொதேர், பொனேர், கெரேர், ஸபேர், ஸலீர், தெனேர், பெனீர், பலேர், அபேர், கபேர், அப்புறம் அவற்றில் கிளைத்தவை. அவற்றிலும் விகுதி மாறாது, அடி மட்டும் மாறும். பொதேர் பொத்ரீய ஆகும், அஸேர் அரீய ஆகும். எதிர்காலத்துக்கும் இதே மாறிய அடிதான் என்பதால் ஒரு தடவை படித்தால் இரண்டுக்கும் ஆயிற்று.

எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். 'வுட்' வந்தால் கண்டிஷனல் என்று வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளாதீர்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் வழுக்குகிறார்கள். நம் ஐயாக்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனபோது நடுவில் இன்னொரு மொழியை வைத்துக்கொண்டா அந்த ஊர்ப் பேச்சைப் பிடித்தார்கள்? தமிழிலிருந்து நேராகத் தாவுங்கள், பல இடத்தில் தமிழே ஆங்கிலத்தைவிடப் பக்கத்தில் நிற்கிறது. எங்கே தமிழும் காலை வாரும் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

'அந்தக் காலத்தில் இந்த வீட்டில் நாற்பது பேர் இருப்பார்கள்' என்பதற்குக் கண்டிஷனல் போடலாமா?

கூடாது. இதற்கு ஒரு கதை உண்டு. என்னிடம் படித்த ஒரு தம்பி ஸ்பெயினிலிருந்து வந்த குடும்பத்தை ஒரு பழைய வீட்டுக்கு அழைத்துப் போய், முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாம் கட்டு எல்லாம் காட்டிவிட்டு, பெருமையாக 'அக்கீ பிபிரீயன் நாற்பது பேர்' என்கிற மாதிரி ஸ்பானிஷில் சொல்லியிருக்கிறான். வந்தவர், "உனக்குச் சரியாகத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை, சாயங்காலம் முகம் வாடி வந்து நின்றான்.

நடந்தது இதுதான். 'ஆச்சி விடியக்காலையில் எழுந்து கோலம் போடுவாக', 'நாங்கள் ஊருணியில் குளிப்போம்' என்று பழைய வழக்கத்தைச் சொல்லத் தமிழ் எதிர்கால வினையைத்தான் போடும். ஆங்கிலமும் அங்கே 'வுட்' போடும். இரண்டு மொழியும் சேர்ந்து அவனைக் கண்டிஷனலுக்குத் தள்ளிவிட்டன. ஸ்பானிஷ்காரர் காதில் பிபிரீயன் என்பது 'இருந்திருப்பார்கள் போல' என்ற ஊகமாக விழுந்திருக்கிறது. வழக்கமாக நடந்ததற்கு அவர்களிடம் வேறு இறந்தகாலம் இருக்கிறது, மேலே சொன்னோமே, கொமீய வகை. அக்கீ பிபீயன் என்றால் முடிந்தது. தமிழில் 'வழக்கமாக' என்ற சொல்லை உள்ளே நுழைத்துப் பாருங்கள், பொருந்தினால் கண்டிஷனலைத் தொடாதீர்கள்.

அப்படியென்றால் ஊகத்துக்குக் கண்டிஷனல் உண்டா?

உண்டு, அதுவும் நமக்குச் சர்க்கரைப் பொங்கல். 'மணி பத்து இருக்கும்' என்று நாம் குத்துமதிப்பாகச் சொல்கிறோமே, ஸ்பானிஷும் அதே புத்தி. இப்போதைய நேரத்தை ஊகித்தால் எதிர்காலம்: ஸெரான் லஸ் தியேஸ். நேற்று ராத்திரி நடந்ததைச் சொல்லும்போது 'அப்ப மணி பத்து இருக்கும்' என்றால் கண்டிஷனல்: ஸெரீயன் லஸ் தியேஸ். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'இருக்கும்', ஸ்பானிஷில் ஊகம் எந்தக் காலத்தைப் பற்றியது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும்.

பத்திரிகைகளில் இன்னொன்றைப் பார்ப்பீர்கள். 'அமைச்சர் ராஜினாமா செய்ய இருப்பதாகக் கூறப்படுகிறது' என்று நம் பேப்பர்கள் நழுவுமே, அதே நழுவலுக்கு ஸ்பானிஷ் பத்திரிகைகள் கண்டிஷனல் போடும். மொழிநடை நூல்கள் அதைக் கண்டிக்கின்றன. படிக்கத் தெரிந்தால் போதும், நீங்கள் எழுத வேண்டாம்.

'நேரம் இருந்தால் தங்குவேன்' என்பதை எப்படிச் சொல்வது?

முதலில் எனக்குச் சொல்லுங்கள், நேரம் இருக்க வாய்ப்பு உண்டா, இல்லையா? தமிழில் இதைக் குரலில் காட்டிவிடுகிறோம். 'பார்ப்போம், நேரம் இருந்தா தங்குறேன்' என்பது ஒன்று, 'எங்கே நேரம், இருந்தாத்தான் தங்குவேனே' என்று பெருமூச்சு விடுவது இன்னொன்று. ஸ்பானிஷ் இந்த இரண்டையும் வினையிலேயே பிரிக்கிறது.

வாய்ப்பு உண்டென்றால்: ஸி தேங்கொ தியேம்ப்பொ, மெ கெதரே. சாதாரண நிகழ்காலம், அப்புறம் எதிர்காலம்.

பெருமூச்சு வகை என்றால்: ஸி துபியேர தியேம்ப்பொ, மெ கெதரீய. முதல் பாதியில் துபியேர என்பது ஸுப்ஹுந்தீபொ என்னும் வேறு வடிவத்தின் இறந்தகாலம், அதற்குத் தனிப் பாடம் வேண்டும், இப்போதைக்கு இந்த ஒரு சொல்லை அப்படியே விழுங்கிக்கொள்ளுங்கள். கண்டிஷனல் இரண்டாம் பாதிக்கு மட்டும்.

'ஸி' வந்தால் பின்னால் கண்டிஷனலே வரக்கூடாது என்று படித்தேன். ஆனால் கேட்டிருக்கிறேனே?

இரண்டும் சரி. தமிழ் வைத்து ஒரு வழி சொல்கிறேன். அந்த 'ஸி' தமிழில் 'ஆல்' ஆகிறது என்றால் (இருந்தால், வந்தால்) அதை ஒட்டிய வினையில் கண்டிஷனல் கூடாது, அடுத்த பாதியில்தான் வரலாம். அது 'ஆ' ஆகிறது என்றால் (பிடிக்குமா என்று, வருமா என்று) தாராளமாக வரலாம். நோ ஸே ஸி மெ குஸ்தரீய: எனக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை. இந்த ஒரு எழுத்துச் சோதனை தமிழ் நமக்குத் தரும் வசதி.

அப்புறம், ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் பகுதி, நவார்ரா, பூர்கொஸ் பக்கத்து ஆட்கள் பேச்சில் ஆல் பொருளிலேயே 'ஸி தெந்த்ரீய' என்பார்கள். அந்த ஊர் வழக்கு அது. நாம் 'வருவாக' என்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் எழுதினால் மார்க் போகும்.

'ஆறு மணிக்கு வருவேன் என்று சொன்னார்' என்பதில் என்ன சிக்கல்?

தமிழ் அவர் வாயில் வந்ததை அப்படியே எடுத்து 'என்று' போட்டு முடித்துவிடும். 'வருவேன்' என்றுதான் சொல்வோம், ஆனால் கேட்பவர் நான் வருவேன் என்று புரிந்துகொள்வதில்லை. ஸ்பானிஷில் இரண்டு இடம் நகர வேண்டும். 'வேன்' 'வார்' ஆக வேண்டும், எதிர்காலம் கண்டிஷனல் ஆக வேண்டும். அவர் சொன்னது: யெகரே. நீங்கள் சொல்வது: தீஹொ கே யெகரீய அ லஸ் ஸெய்ஸ். 'தீஹொ கே யெகரே' என்றால் வரப்போவது நீங்கள்! ஹோட்டலில் வேலை பார்ப்பவர்களுக்கு இதுதான் தினசரித் தேவை, டிரைவர் எப்போது வருவதாகச் சொன்னார், ஆசாரி எப்போது வருவதாகச் சொன்னார் என்று நாள் முழுக்க இதே பேச்சு.

இந்த விகுதிக்குள் இறந்தகால வாடை அடிப்பது ஏன்?

ஏனென்றால் அது இறந்தகாலமேதான். பேச்சு லத்தீனில் முழு வினைக்குப் பின்னால் 'உடைமை' வினையின் இறந்தகாலத்தைச் சேர்த்துச் சொன்னார்கள், கிட்டத்தட்ட நாம் 'பாட இருந்தேன்' என்பதுபோல. இரண்டும் நாளடைவில் ஒட்டிப்போய் ஈய ஆனது. எதிர்காலத்தில் ஒட்டியிருப்பது அதே வினையின் நிகழ்காலம். ஆக, கண்டிஷனல் என்பது பழைய ஒரு நாளில் நின்றுகொண்டு பார்க்கும் எதிர்காலம். தென் அமெரிக்க இலக்கண அறிஞர் அந்த்ரேஸ் பேய்யோ 1847-இல் இதற்கு 'பொஸ்ப்ரெத்தேரித்தொ' என்று பெயர் வைத்தார், இறந்தகாலத்துக்குப் பிந்தியது என்று பொருள். மெக்ஸிகோ பாடப் புத்தகங்களில் இன்றைக்கும் அந்தப் பெயர்தான். 'கண்டிஷனல்' என்ற பெயர் நிபந்தனை இருந்தால்தான் வரும் என்று நினைக்க வைக்கிறது, எனக்குப் பேய்யோ வைத்த பெயர்தான் பிடிக்கும்.

விருந்தினரிடம் மரியாதையாகக் கேட்க எது?

மெ குஸ்தரீய உன் கஃபே: ஒரு காபி கிடைத்தால் நன்றாயிருக்கும். இதில் 'மெ' என்பது நம் 'எனக்கு' தான், 'எனக்குப் பிடிக்கும்' என்பதே அமைப்பு. தமிழனுக்கு இது பிறவியிலேயே தெரியும், 'நான்' போடத் தோன்றினால் அது ஆங்கிலத்தின் வேலை. காத்திருக்கச் சொல்ல: லெ இம்ப்பொர்த்தரீய எஸ்ப்பெரார்? யோசனை சொல்ல தெபேர்: தெபெரீய தெஸ்கன்ஸார், 'கொஞ்சம் ஓய்வெடுக்கலாமே' என்கிற தொனி. இன்னும் உரிமையோடு என்றால் யோ கே தூ, இரீய பொர் ல தார்தெ: உன் இடத்தில் நானாக இருந்தால் சாயங்காலம்தான் போவேன். செட்டிநாட்டு மே மாத வெயிலில் உச்சிப் பொழுதில் கிளம்பும் ஸ்பெயின்காரர்களிடம் எங்கள் பையன்கள் தினமும் சொல்லும் வாக்கியம் இது.

'மாட்டேன்' எப்படி? 'பேசியிருப்பேன்' எப்படி?

முன்னால் நோ போட்டால் போதும், நோ கொமெரீய. பேசியிருப்பேன் என்பதற்கு அபேர் வினை வேண்டும்: அப்ரீய அப்லாதொ. அது முரண்டுப் பட்டியல், அடுத்த பாடம்.

ஆச்சியின் கேள்வி: சம்பந்தியம்மாவை 'ஒருக்க வந்துட்டுப் போங்க' என்று கூப்பிட எப்படிச் சொல்ல?

மெ குஸ்தரீய கே பினியேர. நீங்கள் வந்தால் எனக்குச் சந்தோஷம். உஸ்தேத் மரியாதையில்தான் சொல்ல வேண்டும் என்று ஆச்சிக்குச் சொன்னேன். கொலம்பியாவில் சில பகுதிகளில் வீட்டு ஆட்களுக்குள்ளேயே உஸ்தேத் போட்டுப் பேசுவார்கள், ஆகவே அந்நியமாகத் தோன்றாது. ஆச்சி மூன்று நாள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில்: மெ எங்க்கன்த்தரீய. எங்க்கன்த்தார் என்ற ஒழுங்கு வினை, 'ஆஹா, எவ்வளவு நன்றாயிருக்கும்' என்று பொருள்.

"அப்ப வருவாகளா?" என்று கேட்டார் ஆச்சி.

'இரே', அதாவது 'வருவேன்', என்று சொன்னாரா என்று திருப்பிக் கேட்டேன். இல்லை, எங்க்கன்த்தரீய மட்டும்தானாம். அது இன்னும் எதிர்காலமாகவில்லை ஆச்சி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கவுனி அரிசி இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறார்.